பெக்கீஸ் கோவ்: அப்பாவும் இரண்டு வீல்சேரும்

"நாளைக்கு பெக்கீஸ் கோவ் போறோம்" என்று போனில் சொன்னது தூத்துக்குடியில் இருக்கும் அத்தை காதில் பெக்கீஸ் கோவில் என்றுதான் விழுந்தது. "அங்க என்ன சாமில?" என்று கேட்டாள். சாமி இல்லை அத்தை, ஒரு கலங்கரை விளக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் கிரானைட் பாறை, அப்புறம் அட்லாண்டிக். அவ்வளவுதான்.

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா மாகாணம். அதன் தலைநகர் ஹாலிஃபாக்ஸிலிருந்து தென்மேற்கே சுமார் 43 கிலோமீட்டர், வளைந்து வளைந்து போகும் ரோட்டில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிராமம் என்றால் நிஜமாகவே கிராமம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஐம்பது பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆனால் வருஷத்துக்குப் பல லட்சம் பேர் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 2021 அக்டோபரில் அங்கே வீல்சேரில் வருபவர்களும் கடல் பக்கத்தில் போய் இருக்கும்படி பெரிய மர மேடை ஒன்றைத் திறந்தார்கள். வீட்டில் வீல்சேரில் ஆள் இருக்கிற நண்பர்கள் மூன்று பேர் "போகலாமா, பிரயோஜனம் உண்டா" என்று கேட்டுவிட்டார்கள், மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, அதனால் நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன்.

அப்பாவைப் பற்றி முதலில். வயது 71. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையால் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்து நாலு வருஷம் ஆகிறது. செயற்கைக் கால் போட்டு வீட்டுக்குள் நடப்பார், அரை மணி நேரத்துக்கு மேல் போட்டால் தோல் உரிந்து புண்ணாகிவிடும் என்பதால் வெளியே போனால் வீல்சேர்தான். ஆனால் கை இரண்டும் இரும்பு. அந்தக் கையை நான் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததுதான் முதல் நாள் சொதப்பலுக்குக் காரணம்.

வீல்சேரில் ரெண்டு ஜாதி உண்டு. ஒன்றில் பின்சக்கரம் பெரியது, சக்கரத்தின் வெளிப்பக்கம் பிடித்துத் தள்ள வளையம் இருக்கும், உட்கார்ந்திருப்பவரே ஓட்டலாம். இன்னொன்றில் நாலு சக்கரமும் சின்னது, பின்னால் ஒருத்தர் நின்று தள்ளினால்தான் நகரும், விமான நிலையத்தில் பார்ப்போமே அது மாதிரி. ஊரிலிருந்து வரும்போது அப்பா தன் நாற்காலியைக் கொண்டுவரவில்லை. இங்கே வாடகைக்குச் சொல்லியிருந்தேன். கடையில் இரண்டாவது வகையைக் கொடுத்தார்கள். "நீங்க கேட்டது நாளைக்குத்தான் வரும், இது லேசா இருக்கும், காரில் வைக்க வசதி" என்றார்கள். எனக்கும் அவசரம், சரி என்று வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அது எனக்குத்தான் வசதி என்பது அப்போது தலையில் ஏறவில்லை.

முதல் நாள்

செப்டம்பர் மாதம். ஹாலிஃபாக்ஸில் நல்ல வெயில், பாதி வழியில் மூட்டம், கிராமத்துக்குள் நுழையும்போது முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. இந்தக் கரைக்கு இது சகஜம், குளிர்ந்த கடல் மேல் ஈரக் காற்று வந்தால் பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும். அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் என் ஜாக்கெட்டின் தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

மேலே கலங்கரை விளக்கத்துக்குப் பக்கம் வரை கார் போகும். அங்கே நிறுத்திவிட்டு இறக்கி உட்கார வைத்துத் தள்ளினேன். மேடைக்குள் போக ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை, ரோட்டு மட்டத்திலிருந்து அப்படியே சக்கரம் பலகை மேல் ஏறிவிடுகிறது. உள்ளே போய்க் கடல் பக்க ஓரத்தில் நிறுத்திப் பிரேக் போட்டேன்.

வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. அலைச் சத்தம் மட்டும் காலடியில் கேட்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. பத்து நிமிஷம் ஆனது. எனக்குப் பொறுமை போய், ஒரு எட்டு கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாறை மேல் ஏறிப் போனேன். திரும்பி வந்தபோது அப்பா நான் விட்ட இடத்தில் விட்ட திசையைப் பார்த்தபடி இருந்தார். இடது பின்பக்கம் மூட்டம் கொஞ்சம் விலகி, கரைக்கு மேல் நுரை அடிப்பது தெரிந்திருக்கிறது, மூன்று நாலு பேர் அங்கே போய் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குப் பின்னால் நடந்தது அது. நாற்காலியைத் திருப்ப அவர் கைக்கு எதுவும் எட்டவில்லை.

"ஸ்டாண்டு போட்ட சைக்கிள் மாதிரி, நான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொன்னவிதம்தான் எனக்குச் சுருக்கென்றது.

திரும்பிப் போகிற வழியில், அங்கே இருக்கிற எச்சரிக்கைப் பலகையைப் பற்றிச் சொன்னேன். கவனக்குறைவாக வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இங்கே காயமும் சாவும் பரிசாகக் கிடைத்திருக்கின்றன, கடலைத் தள்ளி நின்று ரசியுங்கள் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார்கள்.

"நாலு வருஷமா தள்ளி நின்னுதான ரசிச்சிட்டு இருக்கேன்" என்றார் அப்பா.

பாறையும் பிரச்சினையும்

அந்த இடம் ஏன் இத்தனை காலம் வீல்சேருக்கு ஆகாமல் இருந்தது என்பது பாறையைப் பார்த்தால் புரியும். சுமார் 38 கோடி வருஷத்துக்கு முன் பூமிக்கு அடியில் உறைந்த கிரானைட் அது, பிறகு பனிப்பாறைகள் அதன் மேல் ஊர்ந்து போய்ச் சுரண்டி வழித்திருக்கின்றன, கடைசியில் பனி உருகியபோது வீடு அளவுக் குண்டுக் கற்களை அங்கங்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறது. பார்க்க யானை முதுகு மாதிரி வழவழவென்று இருக்கும். நடக்கப் போனால்தான் தெரியும், வெடிப்பு, பள்ளம், திடீரென்று இடுப்பளவு இறக்கம். கால் உள்ளவர்களே கையை ஊன்றித்தான் இறங்குகிறார்கள்.

கடலை ஒட்டிய பாறை கறுப்பாக இருக்கும். அது ஈரமும் பாசியும். எங்கிருந்தோ ஒரு அலை மட்டும் மற்றதைவிடப் பெரிதாக வந்து அந்தக் கறுப்பு வரை ஏறும், அங்கே நின்று படம் எடுத்தவர்களைக் கடல் இழுத்துக்கொண்டு போனது உண்டு, இறந்தவர்களும் உண்டு. கறுப்புப் பாறையில் கால் வைக்காதீர்கள் என்று போகிற வருகிற இடமெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். "பாசில கால வைக்காதன்னு போர்டு வேற வைக்கணுமாக்கும்" என்றார் அப்பா, கடற்கரைக்காரர் அல்லவா.

ஆக, நடக்க முடிந்தவர்கள் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். பத்தடி தள்ளி, அம்பதடி தள்ளி, புத்தி இல்லாதவர்கள் அலைக்குப் பக்கத்திலேயே. வீல்சேரில் வந்தவர்களுக்கோ அதைப் பார்க்கிங் முடிவு செய்தது. கார் எங்கே நிற்குமோ அங்கேயே கடலும் முடிந்துவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டு, முன்னால் நிற்கிற பேருந்துக்கும் மனிதர்களுக்கும் நடுவே தெரிகிற நீலத்தைப் பார்த்துவிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

மேடை வந்த விதம்

நோவா ஸ்கோஷியாவில் 2017-இல் அணுகல் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள், 2030-க்குள் மாகாணத்தை எல்லோருக்கும் அணுகும்படி ஆக்க வேண்டும் என்பது இலக்கு. அந்த வருஷக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏதாவது ஒரு குறைபாடு உள்ளவர்கள் கனடா முழுவதற்கும் 22 சதவீதம், இந்த மாகாணத்தில் மட்டும் 30. ஐந்து வருஷம் கழித்து 2022-இல் எடுத்ததில் நாட்டுக்கு 27, இவர்களுக்கு 38. வயதானவர்கள் அதிகம் உள்ள மாகாணம். அதாவது இது வெளியூர்க்காரர்களுக்காக மட்டும் செய்த காரியம் இல்லை, அவர்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் சேர்த்துத்தான்.

மேடைக்கு ஆன செலவு 31 லட்சம் கனடிய டாலர். பரப்பு சுமார் 14,000 சதுர அடி. மாகாண அரசின் வளர்ச்சி நிறுவனம் கட்டியது, வடிவமைத்தது ஓமர் காந்தி என்கிற கட்டடக் கலைஞரின் அலுவலகம். ("காந்தி கட்டினதா?" என்று அப்பா ரெண்டு தரம் கேட்டார். ஊருக்குப் போய் இதை எப்படிச் சொல்லப்போகிறாரோ தெரியாது.) கட்டும்போதே எதிர்ப்பு பலமாக இருந்தது. இயற்கையாக இருந்த இடத்தைக் கெடுத்துவிட்டார்கள், இவ்வளவு பெரிதாக எதற்கு, வீல்சேருக்கு ஒரு சின்னப் பாதை போட்டால் போதாதா என்று உள்ளூர்க்காரர்களும் படம் எடுப்பவர்களும் கேட்டார்கள். கடலோர அழகுக்காகவே 1962-இல் தனிச் சட்டம் போட்டுக் காப்பாற்றி வரும் கிராமம் அது, அந்தக் கோபத்தை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. முதல் நாள் பார்த்தபோது எனக்கும் பெரிதாகத்தான் பட்டது. மறுநாள் மனசு மாறிவிட்டது.

இரண்டாம் நாள்

காலையில் கடைக்குப் போய்ச் சண்டை போடாத குறையாக நாற்காலியை மாற்றினேன். பெரிய சக்கர நாற்காலி, 16 கிலோ இருக்கும், காரின் பின்பக்கம் ஏற்றும்போது என் இடுப்பு பேசியது. வானம் பளிச்சென்று இருந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டோம், பேருந்துகள் வரவில்லை.

இறக்கிவிட்டதும் அப்பா கையுறையை மாட்டினார். தோட்ட வேலைக்கு நான் வைத்திருந்த ரப்பர் கையுறை, வளையம் நழுவாது. "நீ வராத" என்றார். மேடைக்குள் போனார்.

அந்த முதல் இருபது அடியைத்தான் உற்றுப் பார்த்தேன். வீல்சேரில் பெரிய சக்கரம் ஒரு பொருட்டே இல்லை, முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம்தான் எமன். பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி அகலமாக இருந்தால், அதிலும் போகிற திசையிலேயே நீளமாக இருந்தால், சின்னச் சக்கரம் அதில் திரும்பி இறங்கிவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் குப்புற விழுவார். இந்த மாதிரி இடத்தில் இடைவெளி 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது வட அமெரிக்காவில் வழக்கமான அளவு, நம் சுண்டுவிரல் நுழையும், அவ்வளவுதான். அப்பாவின் சின்னச் சக்கரம் டக் டக் டக் என்று பலகை பலகையாகத் தாண்டிப் போனது. ரயில் சத்தம் மாதிரி. எங்கேயும் நிற்கவில்லை.

சாய்வு பற்றியும் சொல்லியாக வேண்டும். சாய்தளத்துக்குப் பொதுவான விதி 12-க்கு 1, ஒரு அடி உயர 12 அடி நீளம். இது காகிதத்தில் நன்றாக இருக்கும், 71 வயதுக் கைக்கு அது மலை. 20-க்கு 1 என்றால்தான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற முடியும். இதைவிட மோசமானது குறுக்குச் சரிவு, பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் நாற்காலி தானாகக் கீழ்ப்பக்கம் இழுக்கும், ஒரு கையால் பிடித்து ஒரு கையால் தள்ளி, பத்து நிமிஷத்தில் தோள் போய்விடும். அப்பா மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தார், மூச்சு வாங்கவில்லை, பக்கவாட்டில் இழுத்ததாகவும் சொல்லவில்லை. காற்றுதான் படுத்தியது. அட்லாண்டிக் காற்று விலாவில் அடித்தால் காலி நாற்காலி தானே நகரும், ஆள் இறங்கினால் பிரேக்கை மறக்கக்கூடாது.

பத்தரைக்கு இரண்டு பேருந்து வந்து நின்றது. நூறு பேருக்குக் குறையாது. எல்லோரும் மேடை விளிம்புக்குப் போய் வரிசையாக நின்றார்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து நாலடி உயரம்கூட இருக்காது, முன்னால் யாராவது நின்றால் தெரிவது அவர்கள் முதுகுப் பைதான். தேர்த் திருவிழாவில் குழந்தைக்குத் தேர் தெரியாத மாதிரி. நான் பதறிக்கொண்டு போவதற்குள் அப்பாவே பின்னால் எடுத்து, திருப்பி, ஆள் இல்லாத மூலைக்குப் போய்விட்டார். அங்கே வந்து நாலு பேர் நின்றதும் வேறு மூலை.

அப்போதுதான் அந்த 14,000 சதுர அடி எதற்கு என்று பிடிபட்டது. ஒரு பாதை போட்டிருந்தால் அதன் முனைக்குப் போய் நின்று, பின்னால் வரிசையில் நிற்பவருக்காக நகர்ந்து, வந்த வழியே திரும்பியிருப்போம். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் திறந்த மரப்பாதைக்கு அப்பாவைக் கூட்டிப் போயிருக்கிறேன், 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், மணலில் சிக்காமல் அலைக்குப் பக்கம் போன அந்த மாலையை அவர் இன்னும் சொல்வார். அது இல்லாமல் இருப்பதற்கு அது ஆயிரம் மடங்கு மேல். (திறந்து இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் கடல் பக்கத்தைப் பெயர்த்துப் போட்டது, சரிசெய்தார்கள். கடலோரத்தில் மரம் வைத்துக் கட்டுகிற எல்லோருக்கும் அந்தத் தலைவலி உண்டு.) ஆனால் மூன்று மீட்டர் அகலத்தில் போகலாம், வரலாம். கூட்டத்துக்குக் கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியாது. மகன்மேல் எரிச்சல் வந்தால் தனியாகப் போய் உட்கார முடியாது. அப்பா அன்றைக்கு ரெண்டும் செய்தார்.

எட்டாதது

குறையும் சொல்லிவிடுகிறேன். கலங்கரை விளக்கம் மேடைக்குள் இல்லை. எண்கோணமாக, வெள்ளையடித்து மேலே சிவப்புத் தொப்பி வைத்த மாதிரி நிற்கிற அந்தக் கட்டடம், முதலாம் உலகப் போர் சமயத்தில் வந்தது, 1868-இல் கட்டிய பழையதற்கு மாற்றாக, இன்னும் பாறை முதுகின் மேலேதான். மேடையிலிருந்து கச்சிதமாகத் தெரியும், தொட வேண்டும் என்றால் முடியாது. அந்தப் பாறையை உடைத்துப் பாதை போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அப்பாவும் சொல்லவில்லை. ஆனால் "முழுவதும் அணுகலாம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிப் போய் ஏமாற வேண்டாம்.

இன்னொன்று கிராமம். படகுகள் கட்டிக் கிடக்கிற அந்தச் சின்னக் குடாதான் ஊரின் உயிர், அதற்குப் போகிற ரோடு ஏற்ற இறக்கம், காரும் பேருந்தும் நடக்கிறவர்களும் கலந்து போனார்கள், அங்கங்கே ஓரம் சரளை. அங்கே நான்தான் தள்ளினேன், பின்பக்கமாகத் திருப்பி இழுத்தும் போனேன். சரளையில் சின்னச் சக்கரம் புதையும்போது அதுதான் ஒரே வழி.

ஆனாலும் போனது நல்லதாயிற்று. ஒரு கொட்டகைப் பக்கம் மீன்பிடிக் கூண்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பா கிட்டத்தில் போய் ஒன்றின் வலையை விரலால் இழுத்துப் பார்த்தார். "சிங்கி இறாலுக்கு. உள்ள போற வாய் பாத்தியா, போயிரும், திரும்ப வராது." எல்லாம் ஏன் கரையில் கிடக்கிறது என்று கேட்டார். இந்தக் கரையில் நவம்பர் கடைசியிலிருந்து மே கடைசி வரைதான் பிடிக்கலாம், மற்ற மாதங்களில் கூண்டு கரையில்தான் என்றேன். "நம்ம ஊருல 61 நாள் தடைக்கே ஒப்பாரி வைப்பாங்க. இவன் ஆறு மாசம் சும்மாவா இருக்கான்?" அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. குளிர்காலத்தில், பனிக்காற்றில், அந்தக் கறுப்புப் பாறைக்கு அப்பால் போய் இதைப் போட்டு எடுப்பதை யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை பத்துக்கு முன் அல்லது சாயங்காலம் ஐந்துக்குப் பின் போங்கள். கையில் வலு இருக்கிறவர் என்றால் பெரிய சக்கர நாற்காலியே வேண்டும் என்று வாடகைக் கடையில் பிடிவாதமாக நில்லுங்கள், லேசானது காருக்கு நல்லது, அவருக்கு இல்லை. வெயில் அடித்தாலும் குல்லா அவசியம். மூட்டம் என்றால் மறுநாளுக்குத் தள்ளிப் போடுங்கள், எங்களை மாதிரி முட்டிக்கொள்ள வேண்டாம்.

கிராமத்திலிருந்து திரும்பி ஒரு முறை மேடைக்குப் போனோம், கேட்டது அப்பாதான். நான் காபி வாங்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் கல்லூரிப் பெண்கள் நாலு பேர் அப்பாவிடம் போனை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள், படம் எடுத்துத் தரச் சொல்லி. இத்தனை நாள் நாங்கள் போன இடத்தில் எல்லாம் போனைப் பின்னால் நிற்கிற என்னிடம்தான் நீட்டுவார்கள். அப்பா கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார், "லெஃப்ட், லெஃப்ட்" என்று கையை ஆட்டினார், இன்னும் கொஞ்சம் பின்னால் போனார். ஆறு படம் எடுத்தார். அந்தப் பெண்கள் வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நன்றி என்று சிரித்துக்கொண்டே போனார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். ஆறிலும் கலங்கரை விளக்கத்தின் தலை இல்லை.